ஒரு பெட்டி நிறவட்ட ஒட்டிகள்: வாசிகசாலையிலும் வீட்டிலும் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கேட்டவர்: கோப்பாய் வாசிகசாலைத் தொண்டர்

அனைவருக்கும் வணக்கம். கோப்பாய்ப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலையை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா, புத்தகங்களுக்கு ஒட்டப் பயன்படும் என்று சொல்லி, ஒரு பெட்டி நிறைய வட்ட ஒட்டிகளைத் தந்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், செம்மஞ்சள் என ஐந்து நிறங்கள், நிறத்துக்கு 500 வீதம் உள்ளன.

பெரிய நூலகங்களைப் போல டூயி தசமப் பகுப்பு முறைப்படி முதுகில் எண் எழுதி வைத்திருந்தாலும், கதைப் புத்தகம் தேடி வரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை என்பதால், சிறுவர் நூல்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம் ஒட்டத் தொடங்கினேன். இரண்டு நாளிலேயே பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து, தாங்களாகவே உரிய தட்டில் வைக்கப் பழகிவிட்டார்கள். பிறகு ஒரு திருமண வீட்டுக்காக நான் ஒரு கிழமை வவுனியாவில் நின்றபோது, எனக்குப் பதிலாக இருந்த மற்றத் தொண்டர், சிவப்பு என்றால் தடை என்று எண்ணி, இரவல் கொடுக்கக் கூடாத அகராதிகளுக்கும் பழைய விழா மலர்களுக்கும் அதே சிவப்பை ஒட்டிவிட்டார். அவர் எண்ணியதில் தவறில்லை, நான்தான் எங்கும் எழுதி வைக்கவில்லை. விளைவாக, கதைப் புத்தகம் கேட்ட பிள்ளை ஒன்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டது. நான் திரும்பி வந்தபின், சிவப்புத்தானே என்று கவனிக்காமல் நான் இரவல் கொடுத்த அகராதி ஒன்று, இரண்டு மாதம் கழித்து மேலட்டை இல்லாமல் வந்து சேர்ந்தது.

இந்த நிறக் குழப்பம் வராமல் ஒட்டுவதற்கு நீங்கள் எந்த முறையைக் கையாளுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். இன்னும் 2,000 வட்டங்களுக்கு மேல் மீதம் இருப்பதால், வீட்டிலும் தொழிலிலும் இத்தகைய சிறு நிறவட்டங்கள் வேறு எவ்வாறு பயன்படுகின்றன என்பதையும் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் சில ஒட்டிகள் ஓரம் சுருண்டு விழுகின்றன, அதற்கும் வழி தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, சாவகச்சேரி

தம்பி, உங்கள் வாசிகசாலையில் நடந்தது எங்கள் வீட்டில் மருந்துப் போத்தல்களோடு நடந்தது. நல்ல வேளையாகப் பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை.

என் அம்மாவுக்கு 82 வயது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கிளினிக்கில் மாத மருந்து எடுக்கிறார். கடதாசி உறைகளில் வரும் குளிசைகளில் இரண்டு வகை வெள்ளையாகவும் வட்டமாகவும் ஒரே அளவிலும் இருக்கும், கண்ணில் புரை விழுந்தவர் உறையின்மேல் எழுதியிருப்பதை வாசித்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே உறைகளைத் தனித்தனிச் சிறு போத்தல்களுக்குள் அப்படியே வைத்து, காலைக் குளிசைப் போத்தலின் மூடியில் மஞ்சள் வட்டமும் இரவுக் குளிசைப் போத்தலின் மூடியில் நீல வட்டமும் ஒட்டினேன். அதே நிறங்களைச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியிலும் ஒட்டினேன், ஏழின்மேல் மஞ்சள், ஒன்பதின்மேல் நீலம். சின்ன முள் எந்த வட்டத்தைத் தொடுகிறதோ அந்த நிறப் போத்தலைத் திறந்தால் போதும். அம்மா இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்து, "மஞ்சளுக்கு வந்திட்டுது" என்று தானே சொல்லி எழுந்து போவார்.

ஆனால் ஒரு முறை கிளினிக்கில் காலைக் குளிசை ஒன்றை இரவுக்கு மாற்றினார்கள். கிளினிக் கொப்பியில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், மூடியிலிருந்த மஞ்சளை உரிக்க மறந்தவள் நான். மூன்று நாள் அம்மா அதைக் காலையிலேயே குடித்திருக்கிறார். அன்று தொடக்கம் ஒவ்வொரு கிளினிக் நாளிலும், மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா மூடிகளிலும் உள்ள வட்டங்களை உரித்தெறிந்துவிட்டு, கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு புதிதாக ஒட்டுகிறேன். மருந்தின் பெயரையோ முடிவுத் திகதியையோ மறைக்கும்படி ஒட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வட்டங்களைப் பற்றிக் கேட்டதால், நான் வேலையில் இருந்த காலத்தில் நாள்தோறும் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்துச் சிமிழ்களின் ஒட்டியில் நாவற்பழ நிறத்தில் ஒரு சிறு வட்டமும், அதற்கு நடுவே வெளிறிய சதுரமும் இருக்கும். 1996ஆம் ஆண்டு போலியோச் சொட்டு மருந்தில் முதன்முதலாக இது பயன்பாட்டுக்கு வந்தது. சிமிழ் பட்ட வெப்பம் முழுவதையும் அந்தச் சதுரம் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளும். வெப்பம் பட பட அது கறுத்துக்கொண்டே வரும், பிறகு எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ அந்தச் சிமிழைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதைப் பொறுத்து, 37 பாகை செல்சியசில் 2, 7, 14, 30 நாள்களில் முடிவுப் புள்ளியை எட்டுவன போன்ற வகைகள் உள்ளன. போலியோச் சொட்டு மருந்துக்கு இரண்டு நாள் வகை. ஆனால் மருந்து உறைந்து கெட்டுப்போயிருந்தால் இந்த வட்டம் காட்டிக்கொடுக்காது, அதற்கு வேறு சோதனை உண்டு. மின்சாரம் நின்றுபோன நாள்களில் குளிரூட்டியைத் திறந்து முதலில் அந்தச் சதுரத்தைத்தான் பார்ப்போம்.

பதில் 2: ரயர்க் கடைக்காரர், சுன்னாகம்

தாதி அம்மா சொன்னதுபோல எங்கள் தொழிலிலும் பொருளோடு கூடவே வரும் வட்டங்கள் உள்ளன. புது ரயரின் பக்கச் சுவரில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அதைப் பழைய ரயருக்குப் பூசிய அடையாளம் என்றே நினைத்து, "இது இரண்டாம் கையா?" என்று கேட்பார்கள்.

எவ்வளவு கவனமாக வார்த்தாலும் ரயரின் எல்லாப் பக்கமும் ஒரே நிறையாக அமைவதில்லை. அதன் மிக இலேசான இடத்தைக் காட்டுவதற்காக மஞ்சள் புள்ளி இடப்படுகிறது. சில்லில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடம் சற்றுப் பாரம் கூடியது என்பதால், மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரே வைத்துப் பூட்டினால் இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும், சில்லைச் சமநிலைப்படுத்த ஒட்டும் ஈயத்துண்டும் குறையும். சிவப்புப் புள்ளி நிறையைப் பற்றியதன்று. ரயர் உருளும்போது வீதியை அதிகமாக அழுத்தும் இடத்தை அது காட்டுகிறது. சில்லின் விளிம்பில் மிகத் தாழ்ந்த இடத்துக்கு அடையாளம் இட்டிருந்தால், சிவப்பை அதற்கு நேரே வைப்பது முறை. விளிம்பில் அப்படி அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் மஞ்சளையும் வால்வையும் பார்த்துப் பூட்டுவேன். ஓடித் தேய்ந்த ரயரில் இந்தப் புள்ளிகளுக்கு ஒரு பொருளும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் உள்ள அரிசி ஆலையிலும் மின்பெட்டியின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வட்ட விளக்குகள் எரியும். மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளையும் அவை காட்டுகின்றன. ஒன்று அணைந்திருந்தால், குமிழ்தான் பழுதோ என்று பார்க்கு முன்னர் மோட்டரை நிறுத்திவிட வேண்டும், இரண்டு முனைகளில் ஓடும் மோட்டர் சுருள் எரிந்துபோகும்.

பதில் 3: அச்சகத் தொழிலாளி, திருநெல்வேலி

பிஸ்கற் பெட்டியின் மடிப்பிலும் செய்தித்தாளின் விளிம்பிலும் வரிசையாகத் தெரியும் நிறவட்டங்களைப் பற்றி என்னிடம் பலர் கேட்பதுண்டு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை இரகசியமாகக் காட்டுகிறார்கள் என்று முகநூலில் உலாவும் கதையில் உண்மை இல்லை. அவை எங்களுக்காக இடப்பட்டவை. சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் அளவோடு விழுகின்றனவா என்பதை அந்த வட்டங்களைப் பார்த்தே கண்டுகொள்கிறோம். மேலதிகமாகத் தனி மை சேர்த்தால் அதற்கும் ஒரு வட்டம் கூடும். அச்சிட்ட படத்தையே ஒரு கண்ணாடிவில்லையால் பெருக்கிப் பாருங்கள், முகமும் வானமும் மறைந்து, இந்த நான்கு நிறப் புள்ளிகள் மட்டுமே எஞ்சும்.

பதில் 4: கணித ஆசிரியர், மானிப்பாய்

மேலே எழுதிய மூவருக்கும் நன்றி. ஆனால் இதுவரை சொல்லப்பட்டவை எல்லாம் எல்லோருக்கும் எல்லா நிறமும் தெரியும் என்ற எண்ணத்தில் சொல்லப்பட்டவை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்றும், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குச் சொல்வார்கள். வேறு மக்களிடையே வீதம் சற்றுக் குறைந்தாலும், ஒரு பாடசாலையில் எப்படியும் சிலர் இருப்பார்கள். இதற்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால்தான் ஆண்களுக்கு அதிகம் வருகிறது.

எனக்கு இது இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது கரம் பலகை. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு. அடுக்கி வைத்திருக்கும்போது நடுவில் இருப்பது சிவப்பு என்று எனக்குத் தெரியும். முதல் அடியில் காய்கள் சிதறியவுடன் அந்தச் சிவப்பு எங்கோ கறுப்புக் காய்களுக்குள் கலந்து மறைந்துவிடும். என் வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பு மங்கி இருண்டு தெரிவதுதான் காரணம். சிவப்பைக் கறுப்பென்று அடித்துக் குழியில் போட்டுவிட்டு, கூட விளையாடியவர்களிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. பிறகு கண் வைத்தியரிடம் போனபோது, ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917ஆம் ஆண்டு வெளியிட்ட தட்டுகளைக் காட்டினார்கள். அவையும் முழுக்க முழுக்கச் சிறு நிறவட்டங்களால் ஆனவைதான். மற்றவர்கள் வட்டங்களுக்குள் ஓர் எண்ணைக் கண்டார்கள், நான் வட்டங்களை மட்டும் கண்டேன்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் சைவம். இந்தியாவிலிருந்து வரும் பொதிகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், கபிலச் சதுரத்துக்குள் கபில வட்டம் இருந்தால் அசைவம் என்று அடையாளம் இட்டிருந்தார்கள். கடையில் நின்று அந்த இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை, மனைவியையோ கடைக்காரத் தம்பியையோ கேட்டுத்தான் வாங்குவேன். அசைவக் குறியை அங்கே பிற்பாடு வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியதன் காரணமே என்னைப் போன்றவர்கள்தான். இப்போது யாரையும் கேட்பதில்லை. எங்கள் நாட்டில் 2016ஆம் ஆண்டு மென்பானப் போத்தல்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனி அடையாளமும் நிறத்தை வைத்தே வகுக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. எனக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே குடும்பம், ஆகவே போத்தலின் பின்பக்கத்து எண்களைத்தான் வாசிக்கிறேன். சந்தியில் உள்ள வீதி விளக்கு எனக்குச் சிக்கல் தராததற்குக் காரணம் நிறமன்று, இடம். சிவப்பு எப்போதும் மேலே இருக்கும்.

ஆகவே தம்பி, சிவப்பையும் பச்சையையும் ஒரே தட்டில் எதிரெதிரே பயன்படுத்த வேண்டாம். மஞ்சளும் நீலமும் என்னைப் போன்ற பெரும்பாலோருக்குத் தெளிவாகப் பிரியும். அதைவிட முக்கியமாக, வட்டத்துக்குள் கறுப்புப் பேனையால் ஓர் எழுத்தும் இடுங்கள். சிறுவர் நூலுக்குச் "சி" என்றும், உசாத்துணை நூலுக்கு "உ" என்றும் எழுதிவிட்டால், நிறம் தெரியாதவரும், நிறத்தைத் தவறாக விளங்கிக்கொண்டவரும், மாலையில் மின்வெட்டு நேரத்தில் ரோச் வெளிச்சத்தில் தேடுபவரும் பிழை விடமாட்டார்கள். உங்கள் மற்றத் தொண்டர் "சி" என்ற எழுத்தை அகராதியில் ஒட்டியிருக்கமாட்டார்.

பதில் 5: தாதி (மீண்டும்)

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்ததும் எழுந்து போய் அம்மாவின் போத்தல்களைப் பார்த்தேன். மஞ்சளும் நீலமும் என்று நான் தெரிவுசெய்தது தற்செயல்தான், சிவப்பும் பச்சையும் தீர்ந்துபோயிருந்தன. இப்போது காலை மூடியில் ஒரு வட்டமும் இரவு மூடியில் இரண்டு வட்டங்களுமாக ஒட்டிவிட்டேன். விரலால் தடவினாலும் எண்ணிக்கை தெரிகிறது, அம்மாவின் கண்ணுக்கு இனி அதுவும் தேவைப்படும்.

பதில் 6: குடும்பத் தலைவி, கரவெட்டி

இத்தனைக்கும் கனடாவிலிருந்து பெட்டி வர வேண்டுமா என்று சிரிப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியின் வலது ஓரத்தைப் பார்த்தால் என் மாமியார், நான், மகள் என்று மூன்று தலைமுறை ஒட்டுப்பொட்டுகளும் வரிசையாக இருக்கும். முகம் கழுவும்போது எடுத்து ஒட்டியவை, பிறகு திரும்ப எடுக்கப்படாதவை. பசை குறைந்த பொட்டு நெற்றிக்கு உதவாவிட்டாலும் வீட்டுக்கு உதவும் என்பது மாமியாரின் கொள்கை. ஒரே அச்சாக இருக்கும் வாசல் திறப்பிலும் படலைத் திறப்பிலும் ஒன்றுக்குப் பொட்டு, தண்ணீர் இறைக்கும் மோட்டரின் சுவிச்சுக்கு ஒரு பொட்டு. கட்டுநாயக்காவில் ஒன்றுபோல வந்து விழும் கறுப்புப் பயணப் பைகளுக்குப் பெரிய சிவப்புப் பொட்டாக மூன்று.

எங்கள் சமையலறையில் மச்சம் காய்ச்சும் சட்டியும் சைவம் காய்ச்சும் சட்டியும் வேறு வேறு. வெள்ளிக்கிழமையில் உதவிக்கு வருபவர் மாற்றி எடுத்துவிடாதிருக்க, மச்சச் சட்டிகளின் கைபிடிக்கு அடியில் பொட்டு ஒட்டிப் பார்த்தேன். இரண்டு கழுவலில் போய்விட்டது. இப்போது சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி இட்டு, ஒரு நாள் காயவிட்டிருக்கிறேன். ஆண்டு ஒன்றாகிறது, அப்படியே இருக்கிறது. சைவச் சட்டிகளில் எதுவும் இல்லை, ஆகவே ஆசிரியர் ஐயா வந்தாலும் மாறாது. குழந்தைக்கு நாவூறு படாமல் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அது பார்ப்பவரின் கண்ணைத் திருப்புவதற்கு, அடையாளத்துக்கு அன்று.

ஒட்டி விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தூசியின்மேல் ஒட்டுவதால்தான் ஓரம் சுருளும். நூலின் முதுகை உலர்ந்த துணியால் துடைத்து, ஒட்டியபின் நகத்தின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேயுங்கள். முதுகின் வளைவில் ஒட்டாமல், அட்டையின் தட்டையான பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நன்றாக நிற்கும். புது நூல் என்றால் மேலே செலோரேப் போடலாம். பழைய மலர்களுக்கு வேண்டாம், சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிக் கடதாசியையும் சேர்த்து உரித்துவிடும். கண்ணாடியிலும் சட்டியிலும் எஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் வைத்தால் துடைத்துவிடலாம், புத்தகத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

கேட்டவர்: கோப்பாய் வாசிகசாலைத் தொண்டர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன கரம் பலகைக் கதையை எங்கள் வாசிகசாலையிலேயே சோதித்துப் பார்த்தேன். மாலையில் விளையாட வரும் பையன்களில் ஒருவன், சிவப்புக் காய் எங்கே என்று நான் கேட்டதும் கறுப்புக் காய் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி விளையாடுகிறான் என்று தெரியவில்லை. அவனுடைய அம்மாவிடம் தனியே சொல்லி, கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். சிவப்புக் காயின் இரு பக்கமும் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று இட்டுவிட்டோம்.

நூல்களைப் பொறுத்தவரை, நேற்று மற்றத் தொண்டரும் நானும் சேர்ந்து எல்லாச் சிவப்பு வட்டங்களையும் உரித்தோம். சிறுவர் நூலுக்கு மஞ்சள் வட்டத்தில் "சி", உசாத்துணை நூலுக்கு நீல வட்டத்தில் "உ". மற்ற நூல்களுக்கு வட்டமே இல்லை. பழைய மலர்களில் நேரடியாக ஒட்டாமல், ஒரு கடதாசித் துண்டில் ஒட்டி உள்ளே செருகியிருக்கிறோம். இரண்டு வட்டங்களும் அவற்றின் பொருளும் கொண்ட மட்டை ஒன்றை இரவல் மேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டியாயிற்று. இனி யார் வவுனியாவுக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

செம்மஞ்சள் 500ஐயும் என்ன செய்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சித்தப்பா அடுத்த ஆடியில் வரும்போது அவருடைய பயணப் பைகளுக்கு ஒட்டிவிடலாம் என்று மற்றத் தொண்டர் சொல்கிறார்.